'ஸ்ரீட்' எந்தக் கடவுளின் பெயர்?

இந்த மாதத்தில் இப்படி எழுத்து ஒட்டிக்கொண்டு என்னிடம் வந்த மூன்றாவது பலகை இது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் கராஜ் வைத்திருக்கும் ஐயா ஒருவர், வேறோர் இடத்தில் செய்வித்த எட்டடிப் பெயர்ப்பலகையின் படத்தை நீட்டினார். "தம்பி, இது மந்திரமா, கடையா?" பலகையில் 'வேர்க்ஷொப்' என்றிருந்தது.

லக்ஷ்மியில் வரும் க்ஷ கூட்டெழுத்துத்தான். அங்கே அழகு. இங்கே 'வேர்க்' முடிந்து 'ஷொப்' தொடங்குகிறது. கொம்பைப் பாருங்கள்: ஷவுக்கு முன்னால் நிற்க வேண்டியது, ககரத்தையும் தாண்டிப் போய் நிற்கிறது. பிரித்தால் வேர்க்‌ஷொப்.

புறக்கோட்டைக் கடைகளின் விசிட்டிங் கார்டுகளில் 'மெயின் ஸ்ரீட்' என்று அச்சாவதும் இதே கதை. குறில் என்பதால் மினிஸ்ரி தப்பிவிடுகிறது, இன்டஸ்ரீஸ் மாட்டிக்கொள்கிறது. (வீதி என்று எழுதினால் இந்த வம்பே இல்லை. யார் கேட்கிறார்கள்!)

உடனே எல்லோரும் சொல்வது: "எழுத்துரு சரியில்லை, வேறு போடுங்கள்." ஐயா, எழுத்துரு தன் வேலையைத்தான் செய்கிறது! பழைய பாமினி எழுத்துருவில் ஸ்ரீக்குத் தனி விசை இருந்தது, வேண்டுமென்றால் தட்டினோம். யுனிகோட்டில் ஸ்ரீக்கென்று தனிக் குறியீடு கிடையாது. ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி நான்கும் வரிசையாக வந்தால் எழுத்துரு சேர்த்துவிடும். வந்தது கடவுளா தெருவா என்று அதற்கு எப்படித் தெரியும்? பத்து எழுத்துரு மாற்றினாலும் பெரும்பாலும் இதே கதிதான். பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் 'லிகேச்சர்' பெட்டியை அணைத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. அது ஆங்கிலத்தில் எஃப்பும் ஐயும் ஒட்டுவதற்கானது. தமிழ் அதற்குக் கட்டுப்படாது.

எங்களிடம் சிங்கள எழுத்து வேலையைப் பார்க்கும் நண்பருக்கு இதில் ஒரே சிரிப்பு. சிங்கள ஸ்ரீ ஒட்டுவதற்கு அவர் கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் ஒன்றை இட வேண்டும். நாங்களோ ஒட்டாமலிருக்கப் பிரிப்பானை இட வேண்டும். ஒரே பலகை, இரண்டு தலைவலி.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். புள்ளிக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே அகலமில்லாப் பிரிப்பானை இடுங்கள். வேர்டில் ஆல்ட் விசையை அழுத்தியபடி எண்பலகையில் 8204. இன்டிசைனில் சிறப்பு எழுத்துகள் பட்டியலில் 'நொன்-ஜொய்னர்' என்றிருக்கும். தயவுசெய்து இடைவெளி விடாதீர்கள். 'ஸ்' ஒரு வரியிலும் 'ரீட்' மறு வரியிலும் போய் விழும். கோப்பு முழுவதையும் ஒரே அடியாக மாற்றவும் வேண்டாம். ராஜபக்ஷவும் லக்ஷ்மியும் உடைந்துபோன செய்திப் பக்கமொன்றை இரவு பதினொரு மணிக்குத் திருத்தியவன் சொல்கிறேன். இணைய முகவரிகளில் இதை இடவே கூடாது.

கண்ணுக்குத் தெரியாத எழுத்து என்பதால் கோப்பு கைமாறும்போது காணாமல் போவதுண்டு. ஆகவே ஸ்டிக்கர் வெட்டக் கொடுக்குமுன் இறுதி பிடிஎப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்தக் கராஜ் ஐயாவையும் நேற்று பக்கத்தில் உட்காரவைத்துத்தான் பார்த்தேன். கொம்பு ஷவுக்கு முன்னால் நின்றது. "இப்போது கடை" என்றார்.