‘மறுவடிவமைப்பு’ வேண்டாம், பாத்தி கட்டுவோம்

“கணினியை மறுவடிவமைத்த பின்னும் மெதுவாக இயங்குகிறதா?” தமிழில் கணினிக் குறிப்பு எழுதுகிறவர்கள் இந்தத் தலைப்பை விடுவதாக இல்லை. போன வாரம் இப்படியொரு குறிப்பைப் படித்துவிட்டு மச்சான் ஃபோன் செய்தார். “மாமா, அதுல போட்டிருந்தபடியே மறுவடிவமைச்சேன். முன்னைவிட மோசமா ஓடுது. வடிவமைப்புல எங்கேயோ தப்பு பண்ணிட்டேன் போல. திரும்பவும் செய்யட்டுமா?”

வடிவமைப்பு என்று எழுதிக் கொடுத்தால் மனிதர் வடிவமைப்பில்தானே பிழை தேடுவார்? அவர் செய்தது ஃபார்மேட்: சேமிப்பகத்தைப் புதிதாகத் தயார் செய்து விண்டோஸை மறுபடி நிறுவியிருக்கிறார்.

இந்தச் சொல்லின் பூர்வீகம் பெரிய கதை இல்லை. லத்தீனில் ‘ஃபோர்மா’ என்றால் வடிவம், அச்சு. இன்ன விதமாக உருவாக்கிய புத்தகம் ‘லீபர் ஃபோர்மாத்துஸ்’. அதன் பின்பாதி பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, முதலில் புத்தகத்தின் அளவையும் அமைப்பையும் குறித்தது. கணினி வந்த பிறகு வினைச்சொல்லாகவும் ஆனது. அவ்வளவுதான்.

நம் மொழிபெயர்ப்பாளர் அகராதியைத் திறந்தார், ‘வடிவம்’ என்பதைக் கண்டார், மூடிவிட்டார். வட்டுக்குள் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கவில்லை.

வடிவமைத்தல் என்றால் தமிழில் ஒரு பொருள் எப்படி இருக்கவேண்டும் என்று யோசித்துத் திட்டமிடுவது. நாற்காலியை வடிவமைக்கலாம், எழுத்துருவை வடிவமைக்கலாம். ‘நான் கணினியை மறுவடிவமைத்தேன்’ என்று ஒருவர் சொன்னால் அவர் பொறியாளர் என்றுதான் நினைக்கத் தோன்றும். அதுவும் போகட்டும், ஃபார்மேட் ஆவது கணினியே அல்ல. அதற்குள் இருக்கும் சேமிப்பகம். பெரும்பாலும் அதிலும் ஒரு பிரிவு மட்டும். செயலும் தவறு, செயப்படுபொருளும் தவறு. ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கோட்டை விடுவதற்கும் ஒரு திறமை வேண்டும்.

எழுத்துக்களைத் தடிமனாக்குவது, பத்தியை நடுவில் நிறுத்துவது இவற்றுக்கு ‘வடிவூட்டல்’ என்று ஒரு சொல் இருக்கிறது. அது நல்ல சொல். அங்கே கண்ணுக்குத் தெரிகிற வடிவம் மாறுகிறது. கோப்பு வடிவம் என்பதும் சரியே. ஆங்கிலத்தில் ஒரே சொல் மூன்று வேலை பார்க்கிறது என்பதற்காகத் தமிழிலும் ஒன்றே மூன்றையும் பார்க்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இதைச் சொன்னால் ‘ஒரு சொல்லுக்கு ஒரு சொல்தான்’ என்று சண்டைக்கு வருகிறார்கள். அப்படியானால் பிடித்தலுக்கு ஆங்கிலத்தில் ஒரே சொல் கொடுங்கள் பார்ப்போம். மீன் பிடிக்கிறோம், சளி பிடிக்கிறது, பாட்டு பிடிக்கிறது, படம் பிடிக்கிறோம்.

பேச்சில் பலர் ‘அழிச்சுட்டேன்’, ‘துடைச்சுட்டேன்’ என்கிறார்கள். வடிவமைப்புக்கு இது எவ்வளவோ மேல், ஆனாலும் பொருந்தாது. ‘விரைவு ஃபார்மேட்’ சில நொடிகளில் முடிகிறதே, அத்தனை கோப்புகளையும் அதற்குள் யார் அழித்தது? யாரும் அழிக்கவில்லை. எந்தக் கோப்பு எங்கே என்று சொல்லும் அட்டவணை மட்டும் புதிதாகிறது. சுழலும் வட்டில் பழைய தகவல் அப்படியே கிடக்கும், மீட்பு மென்பொருள் தேடி எடுத்துவிடும். விண்டோஸில் முழு ஃபார்மேட்கூட விஸ்டா பதிப்பு முதல்தான் எல்லா இடத்திலும் சுழியம் எழுதுகிறது. அதற்கு முன் பழுதான இடங்களைத் தேடியதோடு சரி. ‘அழித்தாயிற்று’ என்று நம்பிப் பழைய வட்டை விற்றவர்களைக் கேட்டால் தெரியும்.

உண்மையில் ஃபார்மேட் செய்வது நிலத்தைப் பிரித்து ஒழுங்குபடுத்தும் வேலை. சேமிப்பகத்தின் இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பாவித்து (விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் வழக்கமாகக் கட்டம் ஒன்றுக்கு 4 கேபி), எது காலி, எது நிரம்பியது என்று கணக்கு வைக்க ஏற்பாடு செய்கிறது. விதை போடுவதற்கு முன் நிலத்தில் இதையே செய்வதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது: பாத்தி கட்டுதல்.

பாத்தி ‘பகு’ என்ற வேரில் பிறந்தது. பாதியும் பங்கும் அதன் உறவுகள். குறளில் ‘பாத்தூண்’ என்றால் பகுத்து உண்பது. ‘வளர்வதன் பாத்தியுள் நீர்சொரிந் தற்று’ என்று 718ஆம் குறளில் பாத்தியே நேராக வருகிறது. பழைய சொல், இன்றும் புழங்கும் சொல். சேமிப்பகத்தைப் பிரிவுகளாக்கும் பார்ட்டிஷனுக்கு வரப்பு, ஃபார்மேட்டுக்குப் பாத்தி என்று வைத்துக்கொண்டால் எது முதலில், எது பிறகு என்பதைக்கூட விளக்கவேண்டியதில்லை.

‘எஸ்எஸ்டி என்கிற சில்லுச் சேமிப்பகத்தில் வட்டே இல்லையே, பாத்தி எங்கே கட்டுவது?’ என்று ஒரு நண்பர் மடக்கினார். வட்டில்லாத அதையும் ‘வன்தட்டு’ என்று எழுதுகிறவர்களை அவர் முதலில் கேட்கட்டும். சுழல்கிறதோ இல்லையோ, கட்டங்களும் கணக்கும் அதிலும் உண்டு. ‘விரைவுப் பாத்தி’ என்பது காதுக்குக் கொஞ்சம் உறுத்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். பிடிக்காதவர்கள் ஃபார்மேட் என்றே எழுதிவிட்டுப் போகட்டும், எனக்கு வருத்தமில்லை. புரிகிற கடன்சொல்லைத் தள்ளிவிட்டு, புரிந்ததுபோலத் தோன்றவைக்கும் தமிழைக் கொண்டுவருவதில்தான் எரிச்சல்.

சரி, மச்சானின் கணினி. போய்ப் பார்த்தேன். திரையில் ஒரு சன்னலைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே கிழிந்து கிழிந்து வந்தது. கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் நான்கு இடத்தில் கோளாறைக் காட்டும் மஞ்சள் முக்கோணம், காட்சி அட்டைக்கு நேரே ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’. அதாவது அட்டையை விண்டோஸ் இயக்குவதற்கான மென்பொருள், அதற்கு உரிய டிரைவர், இல்லை; திரையை வரைகிற வேலையும் மையச் செயலியின் (சிபியு) தலையில். குறிப்பில் இதற்கும் ஒரு வரி இருந்தது: “தேவையான ஓட்டுநர்களை நிறுவவும்.” ஓட்டுநர்களை எங்கே கொண்டுபோய் நிறுவுவது, முச்சந்தியிலா? ‘இயக்கி’ என்று நல்ல சொல் ஊரெல்லாம் புழங்குகிறது, அது அவர் கண்ணில் படவில்லை. மச்சான் அந்த வரியைத் தனக்கில்லை என்று தாண்டிப் போயிருக்கிறார்.

தாய்ப்பலகை தயாரிப்பாளரின் தளத்திலிருந்து முதலில் சிப்செட், அப்புறம் காட்சி அட்டை என்று இயக்கிகளைப் போட்டோம். டாஸ்க் மேனேஜரில் வட்டு 100 சதவீதத்திலேயே நின்றது. புதிதாக நிறுவிய விண்டோஸ் இற்றைப்படுத்தல், தேடல் அட்டவணை, நச்சுநிரல் சோதனை மூன்றையும் ஒன்றாக நடத்திக்கொண்டிருந்தது. அதைத் தொடாமல் ஓடவிடச் சொன்னேன். மறுநாளும் குறையாவிட்டால் வட்டு தன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்க்கவேண்டும். உவர் நிலத்தில் எத்தனை முறை பாத்தி கட்டினாலும் பயிர் வராது, தேய்ந்த வட்டும் அப்படித்தான்.

மறுநாள் மச்சானிடமிருந்து செய்தி: “இப்ப நல்லா ஓடுது மாமா. ஆனா அந்தக் குறிப்புல கடைசியா ‘மீட்டமைக்கவும்’னு போட்டிருக்கே, அது ரீசெட்டா, ரீஸ்டோரா?”

எதையும் அழுத்தவேண்டாம் என்று பதில் போட்டேன்.