பனிப்பாறை: ஒரு சொல், மூன்று பொருள்

'பனிப்பாறைகள் உருகுவதால் கடல்மட்டம் உயர்கிறது.' துருவங்களைப் பற்றிய செய்திகளில் அடிக்கடி கண்ணில்படும் வரி இது. எந்தப் பனிப்பாறை என்று கேட்டால்தான் சிக்கல். நிலத்தின் மேல் நகரும் கிளேசியர், கடலில் மிதந்து திரியும் ஐஸ்பெர்க், கரையை விட்டுப் பிரியாமல் மிதக்கும் ஐஸ் ஷெல்ஃப் ஆகிய மூன்றையும் இந்த ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடுகிறோம்.

'பனி' பழைய சொல். புல் நுனியில் நிற்பதும் பனி. முன்பனி, பின்பனி என்று பருவத்துக்கும் அதுவே பெயர். நடுங்குவதைப் 'பனித்தல்' என்றார்கள். கண்ணில் நீர் துளிர்த்தால் இன்றும் 'கண் பனித்தது' என்கிறோம். பனிக்கட்டியும் பனிப்பாறையும் இதனோடு கூட்டிச் சேர்த்தவை. ஐஸ்பெர்க் ஆங்கிலத்துக்கே இரவல்தான்: டச்சு மொழியில் 'பெர்க்' என்றால் மலை. கிளேசியர் பிரெஞ்சிலிருந்து வந்தது. அதன் வேர் பனிக்கட்டியைக் குறிக்கும் லத்தீன் 'கிளாசியேஸ்'.

கிளேசியருக்குப் பனியாறு என்பதே பொருத்தம்; மூலச்சொல்லைவிடவும் பொருத்தம் என்பேன். ஆண்டாண்டாய்ப் பெய்த பனி அமுங்கி இறுகி, தன் எடையாலேயே சரிவில் ஊர்கிறது. கிரீன்லாந்தின் யாகப்ஸ்ஹாவ்ன் பனியாறு 2012 கோடையில் நாளொன்றுக்கு 40 மீட்டருக்கும் மேல் நகர்ந்தது. பாறை இப்படி ஓடுமா? பனியாறு கடலைத் தொடும் முனையில் உடைந்து விழும் துண்டுதான் ஐஸ்பெர்க். பனிப்பாறை என்ற பெயரை அதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். 'பனிமலை' என்றால் பனி மூடிய மலையோடு குழம்பும்.

மிதக்கும் பனிப்பாறை தன் எடைக்குச் சமமான நீரை ஏற்கெனவே விலக்கிவிட்டது. அது உருகினாலும் கடல்மட்டம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். கடல்நீரே உறைந்து உண்டாகும் கடற்பனிக்கும் இதே கணக்கு. (கடற்பனி குறைந்தால் வரும் கேடு வேறு: வெயிலைத் திருப்பி அனுப்பிய வெண்பரப்பு போய், வெப்பத்தை உறிஞ்சும் கருநிறக் கடல் வெளிப்படுகிறது.) கடலை உயர்த்துவது நிலத்துப் பனி. கிரீன்லாந்தின் பனி முழுதும் உருகினால் சுமார் 7 மீட்டர். அண்டார்டிகாவின் பனி என்றால் சுமார் 58 மீட்டர்.

ஐஸ் ஷெல்ஃபைப் பனித்தட்டு எனலாம். 2017 ஜூலையில் அண்டார்டிகாவின் லார்சன் சி பனித்தட்டிலிருந்து பிரிந்த ஏ68 என்ற துண்டு, சுமார் 5,800 சதுர கிலோமீட்டர், பிரியும்வரை பனித்தட்டு, பிரிந்த பின் பனிப்பாறை. பனித்தட்டும் மிதப்பதுதான். ஆனால் பின்னால் வரும் பனியாற்றுக்கு அது முட்டுக்கொடுத்து நிற்கிறது. 2002 தொடக்கத்தில் அண்டார்டிகாவின் இன்னொரு பனித்தட்டான லார்சன் பி-யின் மேல் உருகிய நீர் குட்டை குட்டையாகத் தேங்கியது. அந்த நீர் விரிசல்களுக்குள் இறங்கி அவற்றை ஆழமாகப் பிளக்க, சில வாரங்களில் சுமார் 3,250 சதுர கிலோமீட்டர் நொறுங்கிப்போனது. அந்தச் சில்லுகளால் கடல் உயரவில்லை. முட்டு போனதும் பின்னாலிருந்த ஹெக்டோரியா முதலிய பனியாறுகள் பல மடங்கு வேகமெடுத்து, நிலத்துப் பனியைக் கடலில் கொட்டத் தொடங்கின.