தானாக நிமிரும் படகு என்று யாராவது சொன்னால்

மட்டக்களப்பு கல்லடியில் என் படகுப் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பைபர் வள்ளத்தின் அடியில் விழுந்த ஓட்டையை அடைக்கத்தான் வருவார்கள். போன வருஷம் பங்குனியில் வந்த இரண்டு தம்பிமார் வேறு ரகம். கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார்கள். மூன்று உடல் கொண்ட பாய்ப்படகு, ஒரு பக்க மிதவை தண்ணீரை விட்டு எழும்பி நிற்கிறது. “அண்ணன், இப்படி ஒண்டு வேணும். 18 அடி. கெப்புக்குப் பின்னால கட்டி இழுக்கிற மாதிரி. ரேஸுக்கும் ஓட வேணும். பிரண்டா தானா நிமிர வேணும்.”

கடைசி வசனத்தில்தான் எனக்குப் பிரச்சினை. தானாக நிமிரும் படகுகள் உலகத்தில் இல்லாமல் இல்லை. உயிர்காக்கும் படகுகள் சில, உள்ளே இருக்கிறவர்கள் எதுவும் செய்யாமலே உருண்டு நிமிர்ந்துவிடும். அடியில் ஈயக் கட்டையோடு வரும் ஒற்றை உடல் பாய்ப்படகும் ஓரளவுக்கு அப்படித்தான். பாரம் கீழே கிடப்பதால் சரிந்தாலும் அது திருப்பி இழுத்துக்கொள்ளும். தம்பிமார் காட்டிய மூன்று உடல் படகுக்கு ட்ரைமரன் என்று பெயர், அதில் ஈயம் கிடையாது. அதன் உறுதி முழுக்க அகலத்தில் இருக்கிறது, அகலத்துக்கு மேலும் கீழும் தெரியாது. வீட்டுக் கட்டிலைக் கவிழ்த்துப் போட்டுப் பாருங்கள். கால் நாலும் மேலே பார்க்க, அசையாமல் கிடக்கும். கவிழ்ந்த ட்ரைமரனும் அதேதான்.

அதனால் தம்பிமாருக்கு முதல் நாளே சொன்னேன்: தானாக நிமிராது. நீங்கள் இரண்டு பேரும் வேறு ஆள் உதவியில்லாமல் நிமிர்த்தக்கூடிய படகு ஒன்று கட்டலாம். விளம்பரங்களில் இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லைத்தான் போடுகிறார்கள். வாங்குகிறவர் அதைப் பிரளாத படகு என்று எடுத்துக்கொண்டு, பாதுகாப்பு அங்கியைக் கரையில் வைத்துவிட்டுப் போகிறார். (ட்ரைமரன் என்ற பெயரின் வாலில் நம்முடைய கட்டுமரத்து மரம்தான் இருக்கிறது. ஆனால் நம் கட்டுமரம் கவிழ்ந்தால் திருப்பிப் போட்டுவிட்டு ஏறிக்கொள்ளலாம். வால் வந்தது, அந்தக் குணம் வரவில்லை.)

சரி, கணக்குக்கு வருவோம். நாங்கள் கட்டிய படகின் நீளம் 5.5 மீற்றர். பக்க மிதவைகளை நடு உடலோடு இணைக்கும் கைகளை விரித்தால் அகலம் 4 மீற்றர், மடித்தால் 2.4. பாய்மரம் 7.5 மீற்றர். பிளைவூட், எபொக்சி, மேலே மெல்லிய கண்ணாடித் துணி. எல்லாம் பூட்டிய பிறகு 220 கிலோ. மீன்பிடி வள்ளத்துக்குப் போடுகிற மாதிரி கண்ணாடி நார் மெட்டும் ரெசினுமாக அடித்திருந்தால் 300ஐத் தாண்டியிருக்கும். பக்க மிதவை ஒவ்வொன்றும் 450 லீற்றர், அதாவது படகையும் இரண்டு பேரையும் ஒற்றை மிதவையே தூக்கும். ரேஸுக்கு அது வேண்டும். சின்ன மிதவை பலத்த காற்றில் மூக்கைத் தண்ணீருக்குள் நுழைக்கும், பிறகு படகு முன்பக்கமாகக் குட்டிக்கரணம் போடும்.

அதே பெரிய மிதவைதான் கவிழ்ந்த பிறகு எதிரி. தலைகீழாகக் கிடக்கும் படகில் ஒரு பக்க மிதவையின் மேல் இரண்டு பேரும் ஏறி நின்றால் 150 கிலோ. 450 லீற்றர் மிதவையை அமுக்க அது எந்த மூலைக்கு? அந்த மிதவைக்குள் தண்ணீரை விட்டுப் பாரமாக்கி நிமிர்த்தும் முறைகளும் உண்டு. ஆனால் குளிரிலும் பயத்திலும் இருக்கிற இரண்டு பேர் தண்ணீருக்கடியில் மூடி தேடுவதை நான் நம்பமாட்டேன். ஆகவே படகு முழுசாகக் கவிழவே விடக்கூடாது. பக்கவாட்டில் சரிந்து, பாய்மரம் தண்ணீரில் படுத்திருக்கும் நிலையிலேயே பிடித்து நிறுத்தவேண்டும். அதற்குத்தான் பாய்மரத்தின் உச்சியில் ஒரு மிதவை.

எவ்வளவு பெரிது? படகு பக்கவாட்டில் நிற்கும்போது பாரத்தின் மையம் கீழ் மிதவையை விட்டு ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர் பாய்மரப் பக்கம் தள்ளியிருக்கிறது. 220 கிலோவை 0.4ஆல் பெருக்கினால் 88. இது படகைக் கவிழ்க்கிற பக்கம். மேலே தூக்கி நிற்கும் உடலும், உடலுக்கும் மிதவைக்கும் நடுவே கட்டிய வலையும் காற்றுக்கு ஒரு சுவர். மணிக்கு 25 கடல் மைல் காற்று ஒரு சதுர மீற்றரில் 10 கிலோ அளவுக்குத் தள்ளும். 6 சதுர மீற்றர், சராசரி 2 மீற்றர் உயரம் என்று வைத்தால் இன்னும் 120. மொத்தம் 208. எதிர்ப்பக்கம் உச்சி மிதவையின் லீற்றரை 7.5ஆல் பெருக்கவேண்டும். 20 லீற்றர் என்றால் 150, போதாது. 35 லீற்றர் என்றால் 262, தாங்கும்.

தம்பிமாருக்கு 35 பிடிக்கவில்லை. உச்சியில் இரண்டு கிலோ, காற்றுக்கு ஒரு பூசணிக்காய், ரேஸில் வேகம் குறையும் என்றார்கள். குறையும்தான். வாதம் பண்ணாமல், பட்டறையில் கிடந்த 20 லீற்றர் மண்ணெண்ணெய்க் கேனைக் கழுவி, மூடியை இறுக்கி, உச்சியில் கட்டினேன். கம்பால் ஆழம் பார்த்து வாவியில் ஒரு இடத்தில் நிறுத்தி, இன்னொரு வள்ளத்திலிருந்து கயிற்றால் இழுத்துப் படகைச் சரித்தோம். காலை ஆறரை மணி, காற்றே இல்லை. கேன் பாதி அமிழ்ந்தபடி அழகாக நின்றது. தம்பிமார் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இரண்டு மணிக்குக் கடற்காற்று ஏறிய பிறகு மறுபடியும் சரித்தோம். 18 கடல் மைல் இருக்கும், அவ்வளவுதான். முதலில் கேனின் கைப்பிடி மறைந்தது. பிறகு மூடி மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. படகு மெதுவாக, அவசரமே இல்லாமல், முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பியது. யாரும் சிரிக்கவில்லை.

அப்புறம்தான் புத்தகங்களில் அதிகம் படிக்காத பாடம் வந்தது. மட்டக்களப்பு வாவி நீளமே தவிர ஆழமில்லை. ஏழரை மீற்றர் பாய்மரம் தலைகீழாகப் போக அங்கே இடம் ஏது? உச்சி சேற்றில் குத்தி நின்றுவிட்டது. காற்று படகைத் தள்ளத் தள்ள மரம் வளைகிறது, கேனும் சேற்றுக்குள். முங்கிப் போய்க் கயிறுகளை அவிழ்த்து, மரத்தை அடியில் கழற்றித்தான் மீட்டோம். வெளியே வந்த உச்சியில் கப்பிக்குள் கறுத்த சேறு அடைத்து, அழுகின முட்டை நாற்றம். ஆழ்கடலில் ஓடுகிறவனுக்கு உச்சி மிதவை ஒரு வசதி. வாவியில் ஓடுகிறவனுக்கு அது இல்லாமல் மரமே மிஞ்சாது. அன்று மாலையே 35 லீற்றருக்கு நுரைக் கட்டையைச் செதுக்கத் தொடங்கினோம்.

பக்கவாட்டில் நிற்கிற படகை எப்படி நிமிர்த்துவது? இங்கேதான் ட்ரெய்லருக்காகப் போட்ட மடிப்பு உதவிக்கு வந்தது. மடிக்கும் கைகளைப் பிரபலமாக்கியவர் நியூசிலாந்தில் பிறந்த இயன் ஃபேரியர். கை மடியும்போது மிதவை கீழே இறங்கி உள்ளே வந்து உடலோடு ஒட்டிக்கொள்ளும். நாங்கள் அந்த யோசனையை எடுத்து, சரிந்த நிலையிலும் கீழ்க் கையின் பூட்டு ஊசியைக் கழற்றும்படி செய்தோம். ஊசியை எடுத்தால் மேலே தொங்கிய நடு உடல் தன் பாரத்தாலேயே கீழே வருகிறது. இழுக்கத் தேவையில்லை, கயிற்றைப் பிடித்து மெல்ல இறக்கவேண்டும். முதல் தடவை நான் கயிற்றை ஒரு சுற்றுப் போடாமல் பிடித்தேன். உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடிவிட்டது. உடல் தண்ணீருக்கு வந்த பிறகு, பாயின் கயிறுகளை முழுக்கத் தளர்த்தி, அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, காற்றுக்குத் திருப்பி, ஒருவர் உடலின் அடியில் நீட்டி நிற்கும் நடுப்பலகையில் ஏறி நின்று நிமிர்த்தும் கயிற்றில் பின்னால் சாய்ந்தால், மரம் எழும்புகிறது. எழும்பிய உடனே மடித்த மிதவையை விரித்துப் பூட்டவேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பக்கமே மறுபடியும் விழும். முதல் நாள் 40 நிமிடம் எடுத்தது. இப்போது 9.

இந்த யோசனைகள் எதுவும் புதிதல்ல. அமெரிக்காவில் ஜான் கூஜன் என்ற படகுக்காரர் அட்லாண்டிக்கில் தன் ட்ரைமரன் கவிழ்ந்து, அதன் முதுகிலேயே நாள்கணக்கில் கிடந்து மீட்கப்பட்டவர். பிறகு அவர் வடிவமைத்த ஜி-32 என்ற இரட்டை உடல் படகு, ட்ரெய்லரில் போகிற அளவுக்கு ஒடுக்கம், கவிழ்ந்தால் ஆட்களே நிமிர்த்தலாம். முதுகில் கிடந்தவனுக்குத்தான் அந்த அக்கறை வரும் போல.

ட்ரெய்லர் பற்றி ஒரு விஷயம், என்னுடைய பிழை. மழையில் நிற்கும்போது மிதவைகளுக்குள் தண்ணீர் தேங்காமலிருக்க வடிகால் மூடிகளைத் திறந்துவைப்பது வழக்கம். ஒரு நாள் பாசிக்குடாவுக்கு இழுத்துப்போய், இறக்கி, அரை மணி நேரம் ஓடிய பிறகுதான் இடது பக்கம் சோம்பலாக இருப்பதைக் கவனித்தேன். மூடி என் காற்சட்டைப் பையில். அன்று காற்று பிடித்திருந்தால் மேலே போட்ட கணக்கெல்லாம் குப்பை. இப்போது மூடிகள் இரண்டையும் பாயேற்றும் கயிற்றின் கொக்கியோடு சேர்த்துக் கட்டிவைக்கிறோம். அவற்றை எடுக்காமல் பாயை ஏற்றமுடியாது.

இஞ்சின் போட்டில் உதவிக்கு வருகிற நம் மீன்பிடி அண்ணன்மாருக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் நல்ல மனதோடுதான் வருவீர்கள். ஆனால் கவிழ்ந்த பாய்ப்படகின் மரத்தில் கயிறு கட்டி இழுக்காதீர்கள், முறிந்துவிடும். முதலில் ஆள்களை எண்ணுங்கள். இஞ்சினை நிறுத்துங்கள், தண்ணீருக்குள் எத்தனை கயிறு கிடக்கிறது என்று மேலிருந்து தெரியாது. பிறகு படகுக்காரனிடம் எங்கே கட்டுவது என்று கேளுங்கள். படகுக்காரனுக்கு: கரை கிட்ட என்று நீந்தப் போகாதே, படகைப் பிடித்துக்கொண்டிரு. கத்தி ஒன்று அங்கியிலேயே இருக்கட்டும்.

படகு இன்னும் என் பட்டறையில்தான் நிற்கிறது. தம்பிமார் முழுக்காசும் தந்துவிட்டார்கள், வாரத்துக்கு இரண்டு தரம் தொலைபேசியில் கேட்கிறார்கள். 35 லீற்றரை இதுவரை 20 கடல் மைல் காற்று வரைக்கும்தான் சோதித்திருக்கிறேன், நான் கணக்குப் போட்டது 25க்கு. கச்சான் காற்று அடிக்கத் தொடங்கட்டும், ஒரு மத்தியானம் சரித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.