பிராண்ட்: சூட்டுக்கோலில் பிறந்த சொல்

எங்கள் தெரு அக்கா ஒருவர் மோர்மிளகாய் போடுவார். கவர் மேல் பெயர், படம் எதுவும் இருக்காது. வாயைச் சிவப்பு நூலால் இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டிருப்பார், அவ்வளவுதான். மயிலாடுதுறை மளிகைக் கடையில் “அந்தச் சிவப்பு நூலு மோர்மிளகா குடுங்க” என்றே கேட்பார்கள். அந்த நூல்தான் அவருடைய பிராண்ட்.

பிராண்ட் என்பது ஆங்கிலத்தில் முதலில் எரிகிற கட்டையைக் குறித்த சொல். அப்புறம், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் மாட்டின் மேலும் மரப்பீப்பாய் மேலும் இடும் சூட்டுக்குறிக்கு அது பெயரானது. ஒரு பெயரில் விற்கும் சரக்கையே பிராண்ட் என்று சொல்லும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் வந்தது.

தீயும் குறியும் ஒரே சொல்லில் சேர்ந்திருப்பது எனக்குப் பிடித்த சங்கதி, ஏனென்றால் தமிழிலும் அப்படி ஒரு சொல் உண்டு: பொறி. தீப்பொறியும் பொறிதான், முத்திரையும் பொறிதான். காவிரி கடலில் கலக்கும் பூம்புகாரில், சுங்கம் கொள்வோர் மூட்டைகளில் சோழரின் புலிச் சின்னத்தை இட்டு அனுப்பியதைப் பட்டினப்பாலை “புலி பொறித்துப் புறம் போக்கி” என்கிறது. அது அரச முத்திரை, வணிகருடைய குறி அல்ல. ஆனாலும் வேலை ஒன்றுதான்: உரியவர் கூடப் போக முடியாத இடத்தில் அவருக்காக அந்தக் குறி பேசும். அதே பாட்டு அவ்வூர் வணிகரைப் பற்றி, வாங்கும்போது மிகையாகக் கொள்ள மாட்டார்கள், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்க மாட்டார்கள் என்றும் சொல்கிறது. குறிக்கு மதிப்பு வருவது அந்த நடத்தையால்தான்.

பிராண்ட் என்ற சொல் பரவுவதற்கு முன் நம் கடைத்தெருவில் ‘மார்க்’ என்றுதான் கேட்டார்கள். யானை மார்க், மயில் மார்க் என்று. சரி, இன்று தமிழில் எதைச் சொல்வது? ‘வணிகப்பொறி’ பொருளுக்கு அழகாகப் பொருந்தும், ஆனால் இன்றைய காதில் இயந்திரமாகவும் எலிப்பொறியாகவும் விழும். என் தேர்வு ‘வணிகப்பெயர்’. “பேர் வாங்கின கடை” என்று நாம் சொல்வதிலேயே பிராண்டின் முழுப்பொருளும் இருக்கிறது. படத்துக்கும் அடையாளத்துக்கும் ‘வணிகச் சின்னம்’ சரி. ‘பொறித்தல்’ வினையாகவே வாழட்டும். கும்பகோணம் பாத்திரக்கடைகளில் சீர்ப் பாத்திரத்தில் பெயர் பொறிப்பதை “பேர் வெட்டறது” என்பார்கள், அதுவும் நல்ல சொல்.

ஊர்ப்பெயர் வேறு கதை. நெடுஞ்சாலை எங்கும் ‘கும்பகோணம் டிகிரி காபி’ பலகைகள். வெறும் ஊர்ப்பெயரைத் தனியொருவர் வணிகச் சின்னமாகப் பதிவது எளிதல்ல. ஊருக்கே உரிய சரக்குக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, 2025இல் கும்பகோணம் வெற்றிலை என்று டெல்டாவிலேயே பல பெற்றிருக்கின்றன. அந்த உரிமை தனிக்கடைக்கு அல்ல, அதைச் செய்கிற, விளைவிக்கிற எல்லோருக்கும் பொது. உங்களுக்கே உரிய பெயர் வேண்டுமென்றால் 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி வணிகச் சின்னமாகப் பதியலாம். தனிநபரும் சிறுதொழில் செய்வோரும் இணையத்தில் விண்ணப்பித்தால் ஒரு சரக்கு வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும், அப்புறம் புதுப்பிக்கலாம்.

அக்காவுக்கு இதெல்லாம் தேவைப்பட்டது போன வருடம்தான். வேறு யாரோ அதே சிவப்பு நூலில் மிளகாய் கட்டி அதே கடைகளில் போட்டுவிட்டார்கள். உப்புக் கரித்தது, திட்டு வாங்கியது அக்கா. தெருவுக்குள் நூல் போதும், கும்பகோணத்துக்கும் திருவாரூருக்கும் சரக்கு போகும்போது பெயர் வேண்டும் என்று அன்றைக்குத்தான் இருவரும் உட்கார்ந்து பேசினோம். நான் நாலைந்து பெயர் எழுதிக் காட்டினேன். எதுவும் பிடிக்கவில்லை. கடைசியில் அவரே ‘செந்நூல்’ என்றார். இப்போது கவரில் அந்தப் பெயரை அச்சடித்து ஒட்டுகிறார், மேலே நூலையும் இரண்டு சுற்று சுற்றுகிறார்.