வைகாசி வெயிலில் வரும் மயக்கம்

இலங்கையின் வடக்கே, வன்னியில் வைகாசி ஊர்கூடும் மாதம். தீர்த்தக்கரையில் எடுத்த கடல்நீரில் முள்ளியவளை காட்டுவிநாயகர் ஆலயத்தில் விளக்கெரித்து, ஒரு வாரத்தின் பின் வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்குப் பொங்கும் அந்நாட்களில், வெளிநாடுகளிலிருந்து வரும் உறவுகள் பகலில் முல்லைத்தீவுக் கடற்கரை, முத்தையன்கட்டுக் குளம் என்று சுற்றிவிட்டுக் காவடிக்கும் பாற்செம்புக்கும் ஆயத்தமாகின்றனர். பாம்பைப் பற்றியும் யானையைப் பற்றியும் அவர்களை யாரேனும் எச்சரித்திருப்பார்கள். வெயிலைப் பற்றி எச்சரிப்பவர் குறைவு.

இப்பருவத்தின் வறண்ட காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால், உடல் எவ்வளவு நீரை இழந்தது என்பது இழந்தவருக்கே தெரிவதில்லை. குளிர்நாட்டிலிருந்து வந்தவரின் உடல் இவ்வெப்பத்துக்குப் பழக ஓரிரு வாரங்கள் தேவை. ஆனால் பலர் வந்திறங்கிய மறுநாளே விரதமிருந்து வெறுங்காலில் நடக்கின்றனர்.

வைத்தியராக நான் மிகவும் அஞ்சுவது ஒன்றுண்டு. வெப்பத்தாக்கத்தில் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 40 பாகை செல்சியஸைத் தாண்டும்போது மூளை தடுமாறுகிறது. அந்நபர் பிதற்றுவார், தள்ளாடுவார், கூப்பிட்டால் பொருந்தாத பதில் சொல்வார், சிலவேளை கைகால் உதறுவார். பறைமேளம் முழங்கும் கோயில் வீதியில் இதைக் கலை வந்ததாக, அதாவது தெய்வம் ஆடுவதாக எண்ணி, சுற்றி நின்று கும்பிடுவோரும் உண்டு. நம்பிக்கையைக் குறைகூறுவது என் நோக்கமன்று. நெஞ்சிலும் கழுத்திலும் கைவைத்துப் பார்க்கும்படியே கேட்கிறேன்: உடல் நெருப்பாய்க் கொதித்தால், தோல் வியர்த்திருந்தாலும் உலர்ந்திருந்தாலும், அவருக்குத் தேவை தண்ணீர் ஊற்றும் கைகளே.

அங்கேயே, உடனேயே குளிர்விக்க வேண்டும். நிழலுக்குக் கொண்டுசென்று, மேலுடையைக் களைந்து, தாகசாந்தி நிலையத்துக் குளிர்நீரையோ பவுசர் வண்டித் தண்ணீரையோ உடல் முழுவதும் ஊற்றி, விடாமல் விசிற வேண்டும். ஐஸ் கிடைத்தால் கழுத்திலும் கமக்கட்டிலும் தொடை இடுக்கிலும் வைக்கலாம். அதேவேளை ஒருவர் 1990 இலக்கத்தில் இலவச அம்புலன்ஸை அழைக்கட்டும். வாகனத்தைத் தேடி ஓடுவதில் முதல் அரைமணி நேரம் கழிந்தால் ஈரலும் சிறுநீரகமும் பழுதடையக்கூடும். நினைவு தெளியாதவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. பரசிற்றமோல் இவ்வெப்பத்தைத் தணிக்காது.

தெளிவாக இருந்தும் களைத்துப்போனவருக்கு ஜீவனி எனும் உப்புச்சர்க்கரைக் கரைசல் தூள் பொதி ஒன்றை 1 லீற்றர் நீரில் கரைத்துக் கொடுக்கலாம். உப்பிட்ட மோரும் நல்லதே. கதிர்காமப் பாதயாத்திரை செல்வோர் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு நாட்கணக்கில் நடப்பது போதாது, உப்பும் சேரவேண்டும்.

நீரிழிவு நோயாளரின் பாதங்களைத் தனியே குறிப்பிட வேண்டும். உணர்ச்சி குன்றிய பாதம் சுடுமணலில் வெந்துபோவது மாலையில் கொப்புளத்தைக் கண்ட பின்னரே தெரியவரும். அத்தகைய புண் விரலையே இழக்கச் செய்யலாம். ஆகவே அவர்கள் நேர்த்தியை அதிகாலையிலோ பொழுதுபட்ட பின்னரோ நிறைவேற்றட்டும். சலம் கூடுதலாகப் போவதற்கான மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், விரத நாளில் அவற்றின் அளவைத் தாமாக மாற்றாமல், திருவிழா தொடங்கும் முன்பே கிளினிக்கில் கேட்டுக்கொள்ள வேண்டும்.