ரெக்வியம்: பாடுகிறவருக்கு ஒன்று, கேட்கிறவருக்கு ஒன்று

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அன்று புதுச்சேரிக் கல்லறைகள் பூவும் மெழுகுவத்தியுமாக நிறைந்திருக்கும். கோயில்களில் இறந்தோருக்கான திருப்பலி நடக்கும். அந்தத் திருப்பலியின் லத்தீன் வரிகளுக்கு ஐரோப்பிய இசைமேதைகள் அமைத்த குழுப்பாடல்தான் ரெக்வியம். முழுக்கச் சாவைப் பாடும் இசை. ஆனாலும் பாடி முடித்தவர்களின் முகம் தெளிந்திருக்கும். அதற்குப் பக்தி ஒரு காரணம். உடம்பும் கட்டடமும் மற்ற காரணங்கள்.

மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும், விடும்போது மெதுவாகவும் துடிக்கும். பாட்டில் மூச்சிழுப்பு நொடியில் முடிந்துவிடும், விடுவதுதான் நீளும். எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் இதயங்களின் ஏற்ற இறக்கமும் ஒத்துப்போகிறது. ஸ்வீடனின் கோத்தன்பர்க் ஆய்வாளர்கள் இதை அளந்து 2013இல் வெளியிட்டார்கள்.

ஒருவர் மூச்சுக்கு அடங்காத நீண்ட சுரங்களும் வரும். அங்கே பக்கத்தில் நிற்பவர் பாடிக்கொண்டிருக்கும்போதே நாம் சத்தமில்லாமல் மூச்சு வாங்கி, அதே உயிரெழுத்தில் மெல்ல மீண்டும் நுழைய வேண்டும். கேட்பவருக்கு ஒலி அறுபடாது. நம் ஒப்பாரியிலும் ஒருத்தி குரல் தழுதழுத்து நிற்கும் இடத்தில் இன்னொருத்தி எடுத்துக்கொள்கிறாள் அல்லவா? துயரத்தை ஒருவரே சுமக்க வேண்டாம் என்ற ஏற்பாடு இரண்டிலும் உண்டு.

பாடுவதும் கேட்பதும் ஒன்றல்ல. ஜெர்மனியில் ஓர் அமெச்சூர் பாடகர் குழு மொசார்ட்டின் ரெக்வியத்தை ஒரு நாள் பாடியது, இன்னொரு நாள் கேட்டது. இரண்டுக்கும் முன்னும் பின்னும் உமிழ்நீரைச் சோதித்தார்கள். பாடியபோது மனநிலை உயர்ந்தது, நோய் எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலின் ஏ கூடியது. கேட்டபோதோ மனம் கனத்தது. ஆனால் அழுத்த ஹார்மோனான கார்டிசால் குறைந்தது! 2004இல் வெளியான இந்த முடிவு சிறிய குழுவில் கிடைத்ததுதான். இருந்தாலும் எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது: மனம் கனக்கும்போதே உடம்பு தளர்ந்து ஓய்வெடுக்க முடிகிறது.

புதுச்சேரியின் சம்பா கோயில் போன்ற உயர்ந்த கோயில்களில் சுவர் ஒலியை அதிகம் உறிஞ்சாது. எதிரொலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் வேகமான பேச்சு குழம்பிவிடும். மெதுவான குழுப்பாடலுக்கு அதுவே வரம். ஒரு சுரம் அடங்குமுன் அடுத்தது வந்து அதன்மேல் படிகிறது. கூடவே, எத்தனை பயிற்சி இருந்தாலும் பலருடைய சுருதி இம்மியளவு வேறுபடும். காது தனித்தனிக் குரலைப் பிரிக்க முடியாமல் அதை ஒரே அகன்ற, மினுங்கும் ஒலியாக ஏற்கிறது. தனிப்பாடகர் எவ்வளவு பெரியவரானாலும் இந்த ஒலியைத் தர முடியாது.

மொசார்ட் 1791இல் இறந்தபோது அவருடைய ரெக்வியம் முடிந்திருக்கவில்லை. கண்ணீரைப் பாடும் ‘லாக்ரிமோசா’ பகுதியில் அவர் கைப்பிரதி எட்டாவது தாளக்கட்டத்தோடு (bar) நிற்கிறது. அந்த எட்டுக்குள்ளேயே பெண்குரல் படிப்படியாக உச்சிக்கு ஏறிவிடுகிறது. ஏறப்போகிறது என்று தெரிந்து காத்திருக்கும் காதுக்குத்தான் மயிர்க்கூச்செறியும்; இன்பமூட்டும் டோபமைன் உச்சத்தில் மட்டுமல்ல, அதை எதிர்பார்க்கும்போதே சுரப்பதாக 2011இல் கண்டறிந்தார்கள்.

பெரிய குரல் இல்லையே என்று தயங்குகிறவர்களுக்கு நான் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபோரேயின் ரெக்வியத்தைச் சொல்வேன். புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோது, 1888இல் பாரிஸின் மதலேன் ஆலயத்தில் முதலில் ஒலித்தது. தீர்ப்பு நாளின் மிரட்டலைப் பெரும்பாலும் விட்டுவிட்டு அமைதியையே வேண்டும் இசை அது. அதன் பெரும்பகுதியை மெல்லிய குரலிலேயே பாடலாம்.