பேருக்கு டைரக்டர் என்று சட்டத்தில் யாரும் கிடையாது

போன மாதம் அல்சூரிலிருந்து ஓர் அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். நாற்பது வருடமாகப் பெங்களூரில் இருப்பவர், நர்சிங் சூப்பரின்டெண்டென்டாக ஓய்வு பெற்றவர். கையில் ஒரு போலீஸ் நோட்டீஸ். கன்னடம் நன்றாகப் பேசுவார், படிக்க வராது. "என் பேரு மட்டும் தெரியுது தம்பி, மிச்சத்தைப் படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

படித்தேன். அவர் டைரக்டராக இருக்கும் ஒரு கம்பெனி நடத்தும் நர்சிங் கல்லூரியில் ரசீது கொடுக்காமல் பணம் வாங்கியதாகப் பெற்றோர் புகார் கொடுத்திருக்கிறார்கள். டைரக்டர்கள் ஐந்து பேரையும் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சீட்டுக்கு நன்கொடை வாங்குவதைத் தடுக்கக் கர்நாடகத்தில் 1984-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. இது அவருக்குத் தெரியாது. "நான் பேருக்குத்தான் தம்பி இருக்கேன். சம்பளம்கூட வாங்கல" என்றார்.

இந்த வாக்கியத்தை ஒரே வருடத்தில் நான் கேட்பது இது நாலாவது முறை. ஓய்வு பெற்ற டாக்டர், வங்கி மேலாளர், பேராசிரியர், இப்போது இவர். எல்லோருமே நல்ல பெயரெடுத்தவர்கள். அந்தப் பெயருக்காகத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். கம்பெனிகள் சட்டப்படி நடக்கின்றனவா என்று பார்க்கும் கம்பெனி செகரட்டரியாகத் தொழில் செய்யும் நான் இதை இனியும் நாலு சுவருக்குள் மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

நிர்வாகப் பொறுப்பில்லாத டைரக்டர் என்றால் பொறுப்பே இல்லாத டைரக்டர் என்று பொருள் இல்லை. லாப நோக்கமில்லாமல் கல்லூரி நடத்தும் பிரிவு 8 கம்பெனிகளுக்கு 2013 கம்பெனிச் சட்டத்தின் பல விதிகளில் 2015-ல் விலக்கு கொடுத்தார்கள். ஆனால் நிர்வாகத்தில் இல்லாத டைரக்டரின் பொறுப்பைச் சொல்லும் 149(12) பிரிவின் பகுதி அப்படியே நிற்கிறது. அது என்ன சொல்கிறது? ஒரு தவறு உங்களுக்குத் தெரிந்தே, அதாவது டைரக்டர்கள் கூடும் போர்டு நடைமுறை வழியாக உங்கள் கவனத்துக்கு வந்து, உங்கள் சம்மதத்தோடோ உடந்தையோடோ நடந்திருந்தால் நீங்கள் பொறுப்பு. அல்லது நீங்கள் கவனமாக நடந்துகொள்ளவில்லை என்றாலும் பொறுப்பு.

'போர்டு நடைமுறை வழியாக' என்பதை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அஜெண்டாவோடு வரவு செலவுக் கணக்கை உங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள், கவரைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். படிக்கவில்லை, அதனால் தெரியாது என்று சொல்ல முடியுமா? காகிதம் உங்கள் கைக்கு வந்துவிட்டது. படிக்காமல் விட்டதே கவனக்குறைவு. "படிக்கல" என்று நீங்களே சொன்னால், உங்களுக்கு எதிரான சாட்சியை நீங்களே கொடுக்கிறீர்கள். அந்தப் பிரிவு உங்களுக்குப் பாதுகாப்பும்தான், ஆனால் கேள்வி கேட்டவருக்கு மட்டும். சம்பளம் வாங்கவில்லை என்பதற்கு அதில் இடமே இல்லை.

கல்லூரியைத் தினமும் நடத்துவது உங்கள் வேலை இல்லை, சரி. நடத்துகிறவரைக் கேள்வி கேட்பது உங்கள் வேலை.

அந்த அம்மாவின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை (கம்பெனி ஆவணங்களில் கணினி வழியே கையெழுத்துப் போடும் கருவி) எடுக்கக் கல்லூரிக்கு நானும் கூடப் போனேன். அக்கவுண்டன்ட் ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். பென் டிரைவ் மாதிரி ஐந்து டோக்கன்கள், ஒவ்வொன்றிலும் ஒட்டிய தாளில் பெயரும் பாஸ்வேர்டும். எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. மூன்று வருடமாக இவர் கையெழுத்து இவர் இல்லாமலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அது கையால் போட்ட கையெழுத்துக்குச் சமம். காசோலைப் புத்தகத்தில் எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டு அடுத்த வீட்டில் கொடுத்து வைப்பீர்களா? டோக்கனை உங்கள் பீரோவில் வையுங்கள்.

அதே அறையில், வார்டில் செய்த பயிற்சியைப் பதியும் மாணவிகளின் லாக் புக் அடுக்கியிருந்தது. அம்மா சும்மா ஒன்றை எடுத்துப் புரட்டினார். அடுத்ததை எடுத்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். ஊசி போட்டது, கதீட்டர் வைத்தது, பிரசவத்தில் உதவியது, எல்லாவற்றுக்கும் ஒரே பேனாவில் ஒரே நாள் தேதியிட்ட கையெழுத்து. "இந்தப் பொண்ணு வார்டுக்கே போகல, தம்பி. நாளைக்கு இவ கையில ஒரு நோயாளியை எப்படி விடறது?" என்றார். அதைக் கண்டுபிடிக்க அவருக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று வருடமாக அந்தக் கண்ணை யாரும் பயன்படுத்தவில்லை. என் மனதை அறுப்பது இதுதான். கல்லூரி இணைந்திருக்கும் ராஜீவ் காந்தி மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இன்ஸ்பெக்ஷன் வருடத்தில் என்றைக்கோ ஒரு நாள். போர்டில் இருப்பவர் எந்த நாளும் போகலாம்.

அதனால் சேரும் முன்பு கடைசி மூன்று வருட ஆடிட் அறிக்கையும், கூட்டத்தில் பேசி முடிவெடுத்ததைப் பதியும் மினிட்ஸும் கேளுங்கள். தரத் தயங்கினால் கும்பிட்டு வந்துவிடுங்கள். சேர்ந்த பிறகு மாணவிகள் கிளினிக்கல் போஸ்டிங் போகும் ஆஸ்பத்திரிக்குச் சொல்லாமல் ஒரு நாள் போங்கள். ஆசிரியர் பட்டியலையும் சம்பளப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விடுதிச் சாப்பாட்டை ஒரு வேளை அங்கேயே சாப்பிடுங்கள். ஒரு தீர்மானத்தில் உடன்பாடு இல்லையென்றால் வாயால் சொன்னால் போதாது, மினிட்ஸில் எழுதச் சொல்லி, எழுதியதை மறுபடி வாங்கிப் படியுங்கள்.

கூட்டத்துக்குப் போகாமல் இருந்தால் தப்பித்துவிடலாம் என்றும் சிலர் நினைக்கிறார்கள். பிரிவு 8 கம்பெனியில் ஆறு மாதத்துக்கு ஒரு கூட்டமாவது நடக்க வேண்டும். பன்னிரண்டு மாதம் ஒரு கூட்டத்துக்கும் போகாவிட்டால், லீவு சொல்லியிருந்தாலும் பதவி போய்விடும். பதவி போனது தெரிந்தும் தொடர்ந்தால் ஒரு லட்சம் முதல் ஐந்து லட்சம் வரை அபராதம். ராஜினாமா செய்தாலும், நீங்கள் இருந்த காலத்துத் தவறுகள் உங்களோடுதான் வரும். நீங்கள் விலகியதைக் கம்பெனிப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் டிஐஆர்-12 படிவத்தைக் கம்பெனி போட்டுவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதையே உங்கள் தரப்பில் தெரிவிக்க நீங்களே டிஐஆர்-11 படிவம் போடலாம். (ராஜினாமாக் கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் அநேகம் பேர். தயவுசெய்து வேண்டாம்.)

அம்மாவிடம் ராஜினாமா பற்றியும் பேசினேன். நான் வரைவுகூட எழுதி வைத்திருந்தேன். வக்கீலோடு போய் விசாரணையில் பதில் சொல்லிவிட்டு வந்தவர், "அடுத்த கூட்டம் எப்போ?" என்று கேட்டார். போன வாரம் நடந்தது. அறுபது லாக் புக்கையும் மேஜைமேல் அடுக்கச் சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் புத்தகத்திலிருந்து ஆரம்பித்தாராம். கூட்டம் மாலை ஆறரை வரை போயிருக்கிறது. அந்த மாணவிகளுக்கு வார்டு பயிற்சியை மறுபடி முழுதாகக் கொடுக்க வேண்டும் என்று அவர் சொன்னது மினிட்ஸில் மூன்றாவது பத்தியில் இருக்கிறது.